மடக்குக் கத்தி

மனிதன் தன்னோடு எடுத்துச் செல்லும் பொருள் அவனுடைய தொழிலைச் சொல்லும். ஆசிரியரின் சட்டைப்பையில் எழுதுகோல் இருக்கும். தையற்காரரின் கழுத்தில் அளவுநாடா தொங்கும். ரப்பர்த் தோட்டத்து நாற்றங்காலில் மொட்டு ஒட்டும் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு ஒரு மடக்குக் கத்திதான் அடையாளமாக இருந்தது.

அழகுக்காகக் கத்தி வாங்குபவன் கைப்பிடியைப் பார்ப்பான். வேலைக்காக வாங்குபவன் அலகைப் பார்ப்பான் என்பது அவர் கொள்கை. மொட்டு ஒட்டுவதற்குப் பெரிய கத்தி வேண்டியதில்லை. பட்டையை மட்டும் கீறி, உள்ளிருக்கும் தண்டைக் காயப்படுத்தாத சிறிய அலகே போதும். விரித்தால் அது ஆடாமல் நிற்க வேண்டும். மடக்கினால் கைப்பிடிக்குள் முழுவதும் அடங்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு பராமரிப்புக்கு எளிது. ஆயினும், கல்லில் தீட்டியவுடன் கூர்மை பெறும் கரிம எஃகையே அவர் விரும்பினார். நம் நாட்டு ஈரக்காற்றில் அது துருப்பிடிக்காதிருக்க, மாலைதோறும் துடைத்து ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுவார். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும் என்பார்.

ஓய்வு பெற்றபின் அக்கத்தி அவர் சட்டைப்பையை விட்டுக் கருவிப் பைக்குள் சென்றது. அண்டை வீட்டாரின் ரம்புத்தான் கன்றுக்கு மொட்டு ஒட்டப் போகும்போது கட்டு நாடாவோடும் தீட்டுக்கல்லோடும் அதுவும் போகும். வேலை முடிந்ததும் வீடு திரும்பிவிடும். கடைத்தெருவுக்கோ கோயில் திருவிழாவுக்கோ அது சென்றதில்லை.

ஒருநாள் பேரன் அதைக் கேட்டான். பட்டணத்து உணவகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த பதினெட்டு வயது இளைஞன் அவன்.

“எதற்கு, தம்பி?” என்றார் பெரியவர்.

“இரவு பதினொரு மணிக்குப் பேருந்தை விட்டு இறங்குகிறேன், தாத்தா. செம்பனைத் தோட்டத்து வழி இருட்டாக இருக்கிறது. ஒரு பாதுகாப்புக்குத்தான். மூன்று அங்குலம்கூட இல்லாத கத்திதானே? அந்த அளவுக்குச் சட்டத்தில் தடையில்லையாம்.”

அவன் கேள்விப்பட்டது இங்கிலாந்துச் செய்தி. அந்நாட்டின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்திற்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு அளிக்கிறது. மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்குதல் ஆயுதங்கள் சட்டம் அவ்வாறு அங்குலக் கணக்குப் பார்ப்பதில்லை. தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். முறையான அதிகாரமோ சட்டத்திற்கு ஏற்ற காரணமோ இன்றி அதைப் பொது இடத்தில் வைத்திருப்பது 6ஆம் பிரிவின்படி குற்றமாகும். தண்டனையோ 5 முதல் 10 ஆண்டுச் சிறை, பிரம்படியும் சேரலாம்.

பெரியவர் சட்டநூல் கற்றவரல்லர். எனினும், அவர் சொன்னது அச்சட்டத்தின் கருத்தாகவே இருந்தது.

“காவலர் நிறுத்தி ‘எதற்கு?’ என்று கேட்டால், ‘மொட்டு ஒட்டப் போகிறேன்’ என்று நான் சொல்வேன். என் பையில் இருக்கும் நாடா அதற்குச் சாட்சி சொல்லும். நீ என்ன சொல்வாய்? ‘பாதுகாப்புக்கு’ என்பாய். அந்தச் சொல்லை நீ சொன்னவுடனே இது கருவியாக இராது; ஆயுதமாகிவிடும். அதை ஆயுதமாக்கியது காவலர் அல்லர், நீதான்.”

பேரன் முகம் வாடிப் பணிக்குச் சென்றான். அன்றிரவு பேருந்து வந்து நின்றபோது, நிறுத்தத்தில் கைவிளக்கோடு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பேரனின் அச்சம் பொய்யன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். கத்தியைத்தான் மறுத்தாரே தவிர, துணையை மறுக்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவ்வாறே வந்து நின்றார்.

விடுமுறை நாள்களில் கொல்லைப்புறத்தில் பாடம் தொடங்கியது. பட்டையைக் கீறவும், மொட்டைச் சிதையாமல் எடுக்கவும், காற்றுப் புகாமல் கட்டவும் பேரன் கற்றுக்கொண்டான். முதலில் கட்டியவை கருகின. பின்னர், ஒரு ரம்புத்தான் கன்றில் பச்சை மொட்டு தலைகாட்டியது.

அன்று பெரியவர் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, மடக்கி, கட்டு நாடாவோடு சேர்த்துப் பேரன் கையில் கொடுத்தார். “இப்போது எதற்கு என்று கேட்டால் உனக்கு விடை தெரியும்” என்றார்.

கருவியைக் கொடுப்பது எளிது. அதற்குரிய நோக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பதே பெரியோர் கடமை. வீட்டுக்கும் பள்ளிக்கும் பொருந்தும் உண்மை இது.