சலூனில் பூத்த மல்லிகை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்றொரு கடை இருந்தது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் பாதி, கதை பேச வந்தவர்கள் பாதி. 1966 ஆகஸ்ட்டில் அந்தக் கடையிலிருந்துதான் 'மல்லிகை' என்ற இலக்கிய மாத இதழ் வெளிவந்தது. ஆசிரியர், முடிதிருத்தும் தொழிலாளியான டொமினிக் ஜீவா.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியதில், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். பிறகு படித்ததெல்லாம் சலூனுக்கு வந்த பத்திரிகைகளும், அங்கு நடந்த அரசியல் பேச்சும்தான். தமிழகத்தின் பொதுவுடைமைத் தலைவர் ப.ஜீவானந்தம் மீதிருந்த பற்றில்தான் 'ஜீவா' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. பரிசு வாங்கிய எழுத்தாளர் மறுநாள் மீண்டும் கத்தரிக்கோலைப் பிடித்தார். வேறென்ன செய்வது, கதை எழுதினால் சோறு வருமா?

மல்லிகைக்குப் பெரிய முதலாளி கிடையாது. எழுதியவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள். சன்மானத்தை எதிர்பார்த்து யாரும் எழுதவில்லை. அச்சான பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஜீவாவே கிளம்புவார். பள்ளிக்கூடம், அலுவலகம், கூட்டம் நடக்கும் மண்டபம் என எங்கே வாசகர் இருந்தாலும் நேரில் போய் நின்று, இதழைக் கையில் கொடுத்து, காசை வாங்கிக்கொள்வார். ஓர் ஆசிரியர் தெருவில் நின்று பத்திரிகை விற்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காசில்தான் அடுத்த மாத இதழ். தவிர, இதழை வாங்கியவர் அங்கேயே நின்று போன மாதக் கதையைத் திட்டுவார் அல்லது பாராட்டுவார். அந்தப் பேச்சிலேயே புதிதாக எழுதும் ஒருவரும் அகப்படுவார்.

நடிகைகளின் படம் அட்டைக்கு அழகு என்றிருந்த காலத்தில், மல்லிகையின் அட்டையில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் வந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே மரியாதை செய்துவிட வேண்டும் என்பது ஜீவாவின் பிடிவாதம். தெற்குக் கோடியில், மாத்தறை மாவட்டத்தின் திக்குவல்லையிலிருந்து முஸ்லிம் இளைஞர்கள் எழுதினார்கள். மலையகத்திலிருந்தும் எழுதினார்கள். சிங்களக் கதைகள் தமிழில் வந்தன. வந்த எல்லாமே நல்ல கதைகள் என்று சொல்ல முடியாது. முற்போக்கு அணியின் பக்கம் சாய்கிறது என்ற சண்டையும் ஓயாமல் நடந்தது. ஆனாலும் சாதியின் பெயரால் பள்ளியைவிட்டு விரட்டப்பட்டவர் நடத்திய இதழில், சாதி பார்த்த ஊரின் படித்தவர்கள் தங்கள் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஜீவாவின் வெற்றி அதுதான்.

போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. வாசகர்கள் ஊர் ஊராக, பிறகு நாடு நாடாகச் சிதறினார்கள். 1990-களில் மல்லிகையும் கொழும்புக்கு, ஸ்ரீகதிரேசன் வீதிக்கு இடம் மாறியது. அறுபதைக் கடந்த ஜீவா, தெரியாத தெருக்களில் மறுபடி பையோடு நடந்தார்.

400 இதழ்களைத் தாண்டி 2012-ல் மல்லிகை நின்றது. 2021 ஜனவரியில், 93 வயதில் ஜீவா காலமானார். பழைய இதழ்கள் பலவற்றை இப்போது 'நூலகம்' இணையதளத்தில் படிக்கலாம். ஈழத்து எழுத்துகளைத் தேடித் தேடி மின்வடிவில் சேர்க்கும் அந்தப் பணியைத் தொடங்கியவர்களும் தன்னார்வலர்கள்தான்.