ஈரத்துணி மூட்டை

வாசலூர்பட்டிப் படகுத் துறையில் உட்கார்ந்தால் எனக்கு ஆயாவின் ஈரத்துணி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. கேழ்வரகை இரவெல்லாம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் கட்டி அடுப்படி ஆணியில் மாட்டிவிடுவாள். "அவுத்துப் பாக்காதடா, காத்துப் பட்டா மொளை காஞ்சிரும்" என்பாள். நான் மூட்டைமேல் காதை வைத்துக் கேட்பேன்.

முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி இனிக்கும். ஏன் என்று கல்லூரியில்தான் தெரிந்தது. ஈரம் பட்டதும் தானியத் தோலுக்கு அடியில் உள்ள செல்கள் அமைலேஸ் என்ற புரதத்தைப் புதிதாகச் செய்கின்றன. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது.

புரதத்தைச் செய்யும் பட்டறை ரைபோசோம். அதன் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர். அந்தச் செய்தியைப் படித்த அன்றும் ஆயாவின் மூட்டைதான் கண்முன் ஆடியது. பட்டறை தெரிந்துவிட்டது, எந்தச் செல்லில் இப்போது வேலை நடக்கிறது?

1960களில் செல் உயிரியலாளர் ஜார்ஜ் பலாடேயின் குழு, புரதத்தின் கட்டுமானக் கல்லான லூசின் என்ற அமினோ அமிலத்தில் கதிரியக்கம் ஏற்றி, அதைக் கினிப் பன்றியின் கணையச் செல்களுக்குக் கொடுத்து, புதுப் புரதம் போகும் பாதையை ஒளிப்படக் குழம்பில் விழுந்த வெள்ளித் துகள்களால் கண்டுபிடித்தது. 2012இல் ஹார்வர்டில் வேறு வழி கண்டார்கள். பியூரோமைசின் என்ற மருந்து, வளரும் புரதச் சங்கிலியின் நுனியில் அமினோ அமிலம்போல நுழைந்துகொள்ளும். அதில் சின்னக் கொக்கி ஒன்றைச் சேர்த்து, பிறகு அந்தக் கொக்கியில் ஒளிரும் சாயத்தை மாட்டினார்கள். சுண்டெலியின் சிறுகுடலில், விரல்போல நீண்ட குடலுறிஞ்சிகளின் அடிவாரமும் அதற்குக் கீழுள்ள குழிகளும் பளிச்சென்று எரிந்தன. புதுச் செல்கள் பிறக்கும் இடமே அந்தக் குழிகள்தான்.

ஆனால் பியூரோமைசின் நுழைந்த சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அவிழ்த்துப் பார்த்தால் காய்ந்துவிடும் என்று ஆயா சொன்னதும் அதைத்தானே! 2016இல்தான், உயிருள்ள செல்லுக்குள் புரதத்தின் செய்முறையை ஏந்திவரும் ஒற்றைச் செய்தி ஆர்.என்.ஏ.வில் புரதம் உருவாவதை, நிறுத்தாமலே பார்க்க முடிந்தது.

ஏரியில் துடுப்புச் சத்தம். ஆயா இல்லை, ஆணி இருக்கிறது. முளைகட்டிய தானியத்தை அடுத்த முறை வாயில் போடும்போது கொஞ்சம் நிதானமாக மெல்லுங்கள். அந்த இனிப்பு, இருட்டு மூட்டைக்குள் ஒரு புரதம் ராத்திரி முழுக்கப் பார்த்த வேலை.