ஒரே லைன்
இன்று தரம் 10இல் வலையமைப்புப் பாடம். "டயல் அப் என்றால் என்ன சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். புத்தகத்தில் அது ஒரு வரிதான். எனக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது நான் ஓ/எல் வகுப்பு. வாப்பா சவூதியில். வெள்ளிக்கிழமைதான் கோல் எடுப்பார். அன்று மோடத்தை வீட்டு போனில் மாட்டி ஒரு பாட்டு இறக்கினேன். குரல் போகும் லைனிலேயே தரவும் போகும். உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிட். 4 எம்பி இறங்க கணக்குப்படி 10 நிமிடம். அறுந்து அறுந்து எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. அவ்வளவு நேரமும் வாப்பாவுக்கு எங்கேஜ் சத்தம்.

அடுத்த கிழமை எடுத்தார். ஏசவில்லை. "எல்லாரும் சுகம்தானே மகன்? ஒரு கிழமையா நித்திரையே இல்ல" என்றார். லைன் பழுது என்று பொய் சொன்னேன்.

பிறகு ஏடிஎஸ்எல் வந்தது. அதே செம்புக் கம்பியில் தரவு உயர் அதிர்வெண்ணில் போனதால் கோலும் இணையமும் சேர்ந்தே ஓடின. வாப்பாவும் ஊரோடு வந்துவிட்டார்.

இன்று பாடசாலை விட்டு வந்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். "என்ன பாட்டு?" என்று மட்டும் கேட்டார்.

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.