அன்பை ஏற்கத் தெரிந்த முகம்

சித்தம் நொந்த ஒரு மனிதனுக்கு அமானுஷ்ய சக்தியும் வாய்த்துவிடுகிறது என்று கதாசிரியர் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, அந்தப் பாத்திரத்துக்குரிய நடிகரைத் தேடும் பொறுப்பை ஏற்றவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது உரத்த குரலையும் உருளும் விழிகளையும்தான். பெங்களூரு நீலசந்திராவில் இருந்துகொண்டு மேடை நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் நடிகர்களைத் தேர்ந்தெடுத்துவரும் எனக்கு அந்த வழக்கத்தில் சிறிதும் சம்மதமில்லை. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை எங்களுக்கு வெகு தூரமில்லை. தாயையோ தம்பியையோ அழைத்துப் போய் அங்கே புறநோயாளிகள் பிரிவில் காத்திருந்தவர்கள் எங்கள் வீதிகளில் இருக்கிறார்கள். மனத்துயர் எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு மரியாதையாக ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் என்பதைப் பிரத்யட்சமாகக் கண்ட அவர்கள், தலைமயிரைக் கலைத்துவிட்டுக்கொண்டு கெக்கலி கொட்டும் நடிகரைப் பார்த்து மனம் புண்படுவது முற்றிலும் நியாயமே.

இந்தத் தேர்வு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அண்மைக் காலத்தில் நான் கண்ட உத்தமமான திருஷ்டாந்தம், பேசில் ஜோசஃப் இயக்கி 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'மின்னல் முரளி' என்ற மலையாளப் படம். ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது: ஒருவன் டொவினோ தாமஸ் நடித்த தையற்காரன் ஜெய்சன், மற்றவன், ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கிவைத்த, டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு. கதையின் கணக்குப்படி ஷிபு எதிர்நாயகன் என்றாலும், காயப்பட்ட உள்ளத்தோடு பெருஞ்சக்தியைச் சுமப்பவன் அவனே. அந்த வேஷம் சென்று சேர்ந்த இடம் மதுரைக்காரரான குரு சோமசுந்தரம். நா. முத்துசாமி 1977இல் தோற்றுவித்த கூத்துப்பட்டறையில் பல்லாண்டு பயின்ற இவர், 2011இல் 'ஆரண்ய காண்ட'த்தில் வாழ்ந்து கெட்ட ஒரு குடிகாரத் தகப்பனாகவும், 2016இல் ராஜுமுருகனின் 'ஜோக்க'ரில், அரைகுறையாகக் கட்டிய கழிப்பறை இடிந்து மனைவி நினைவிழந்து கிடக்க, தன்னையே நாட்டின் ஜனாதிபதியாகப் பிரகடனம் செய்துகொண்ட மன்னர் மன்னனாகவும் தோன்றியதைக் கண்டவர்களுக்கு, ஊர் எள்ளி நகையாடும் ஒருவனுடைய கண்ணியத்தை இவர் எப்படிக் காப்பாற்றுவார் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

'மின்னல் முரளி'யில் பொருள்கள் காற்றில் பறக்கும் காட்சிகளைக் காட்டிலும் என் நெஞ்சில் பதிந்தது வேறொரு கட்டம். இளமை முதல் ஷிபு மனத்தில் வைத்துப் போற்றிய உஷா, நெடுங்காலம் கழித்து நோயுற்ற மகளோடு ஊர் திரும்பி, கடைசியில் அவனை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாள். அந்தக் கணத்தில், அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வர, இரண்டில் எதற்கு இடம் கொடுப்பது என்று அறியாமல் அந்த முகம் தவிக்கிறது. அவமானத்தைத் தாங்குவதில் பழகிப்போன ஒரு ஜீவனுக்கு அன்பைத் தாங்கும் பயிற்சி இல்லை என்பதை இவ்வளவு துலக்கமாக நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னர் ஊரார் வைக்கும் தீயில் அவளும் குழந்தையும் மாண்டபோது அவன் ஊரையே அழிக்கப் புறப்படுவதை நாம் மன்னிக்காவிட்டாலும் புரிந்துகொள்கிறோம் என்றால், அதற்குக் காரணம் இந்தக் கட்டமே.

ஆகையால், இத்தகைய வேஷத்துக்கு வருகிறவர்களிடம் நான் கோபத்தை நடித்துக் காட்டும்படி கேட்பதில்லை. கோபம் பெரும்பாலோருக்கு வந்துவிடும். எதிரே இருப்பவர் மெதுவாக நெருங்கி, "சாப்டியாப்பா?" என்று கேட்கட்டும், நீங்கள் பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிலர் உடனே கண்ணீர் வடிப்பார்கள். அது பார்ப்பவர்களுக்காக வடிக்கும் கண்ணீர். வேறு சிலரோ, கேட்டவரை நம்பலாமா என்று ஒரு கணம் அளந்து, தோள்பட்டையைச் சற்றே பின்னுக்கு இழுத்து, பிறகு தம்மை அறியாமல் முகம் இளகுவார்கள். அவர்களைத்தான் மறுபடியும் வரச் சொல்கிறேன். சொந்த வீட்டுத் துயரத்தைக் கிளறி எடுத்து நடிக்கும்படி மட்டும் எவரையும் நான் கேட்பதில்லை. அது நடிகருக்குச் செய்யும் அநீதி என்பதோடு, ஒரு மாலை பலித்தது மறுநாள் மாலை பலிக்கும் என்ற நிச்சயமும் அதில் இல்லை.

தமிழில் ஷங்கரின் 'அந்நிய'னில் (2005) ஒரே மனிதனுக்குள் வாழும் அம்பியையும் அந்நியனையும் விக்ரம் ஒரே மூச்சில் மாற்றி மாற்றிக் காட்டுவது அசாத்தியமான சாமர்த்தியந்தான். எனினும் என் அபிப்பிராயத்தில் அப்படத்தைத் தாங்குவது அம்பியின் பயந்த ஒழுக்கமே. மடோன் அஸ்வினின் 'மாவீர'னில் (2023) அசரீரிபோல் ஒலிக்கும் விஜய் சேதுபதியின் குரலைக் கேட்டு மிரண்டு மேலே பார்க்கும் சிவகார்த்திகேயனிடத்திலும் அந்தப் பயம் மெய்யாக இருந்தது.

சக்தியைச் சுமக்கும் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைத்ர மாதப் பௌர்ணமியன்று திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து, திரௌபதி கோலத்தில், தலையில் மல்லிகைச் சரங்கள் தொங்கும் கரகத்தோடு இரவெல்லாம் நகரைச் சுற்றிவரும் பூசாரியைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: எத்தனை வேகமாக நடந்தாலும் அவருடைய கவனம் முழுவதும் உச்சியிலுள்ள பாரத்திலேயே இருக்கும். மாயசக்தி பெற்ற பாத்திரத்தை ஏற்பவர்களை அந்த ஊர்வலத்தைப் போய்ப் பார்த்துவரச் சொல்வது என் வழக்கம். மார்பை நிமிர்த்தி நிற்பவர்களைவிட, கிடைத்த சக்தி எங்கே சிந்திவிடுமோ என்று அஞ்சி நடப்பவர்களையே நான் நம்புகிறேன்.

நீலசந்திராப் பிள்ளைகளிடம் இதற்கு உதவும் ஒரு குணம் இயல்பாகவே உண்டு. வீட்டில் தமிழ், வேலையிடத்தில் கன்னடம், கடைத்தெருவில் உருது என்று வளர்ந்தவர்கள், தமதல்லாத மொழியில் வாய் திறக்குமுன் ஒரு நொடி தயங்குகிறார்கள். தாய்மொழியல்லாத மலையாளத்தில் ஷிபுவாகப் பேசிய குரு சோமசுந்தரத்திடம் நான் உணர்ந்த தயக்கமும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. ஊருக்குள் இருந்தும் ஊரோடு ஒட்டாதவன் என்பதை நிலைநாட்ட அதற்குமேல் வசனம் தேவைப்படவில்லை. அதனால் இப்போதெல்லாம் தமிழ் வசனத்தையே கன்னடத்தில் மாற்றி எழுதி முதலில் அதைப் படிக்கக் கொடுக்கிறேன். அந்தத் தயக்கம் நிலைபெற்ற பிறகே தமிழ்ப் பிரதி அவர்கள் கைக்குப் போகிறது.