சேதுக்கரையில் கேளாத குரல்கள்

சேது யாத்திரை செய்கிறவர்கள் பல வகையினர். தீர்த்தமாடிப் பாவம் தொலைக்கப் போகிறவர்கள் உண்டு. ராமேசுவரத்து நெடும் பிராகாரத்தைக் கண்டு பிரமிக்கப் போகிறவர்கள் உண்டு. கடலின் மேல் ரயில் செல்லும் விந்தையைக் குழந்தைகளுக்குக் காட்டப் போகிறவர்களும் உண்டு. இம்முறை நாமும் நம் நண்பர் ஒருவரும் சென்றது சற்று வேறு விதமான யாத்திரை. கண்ணுக்குச் சில நாள் விடுமுறை கொடுத்துவிட்டு, காதை முன்னே நடக்கவிட்டுப் பார்ப்பதென்று தீர்மானித்துக்கொண்டோம்.

முதலில் இராமநாதபுரம். சேதுபதிகளின் இராமலிங்க விலாசத்தில் கால் வைத்தவுடனேயே நம் தீர்மானம் ஆட்டங் கண்டுவிட்டது. சுவர் முழுதும் சித்திரங்கள் கண்ணைப் பிடித்து இழுக்கின்றன. யுத்தமும் தர்பாரும் தெய்வக் கதைகளுமாகச் சாயம் இன்னும் பேசுகிறது. ஆனால் இந்த அரண்மனையின் பெருமை சாயத்தோடு முடிந்து விடவில்லையே! எத்தனை புலவர்கள் இங்கே வந்து பாடிப் பரிசு பெற்றார்கள்! 1901-ல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது அதற்குக் கை கொடுத்தவர் அவருடைய உறவினரான பாஸ்கர சேதுபதி. சேது சமஸ்தான வித்துவானாக விளங்கிய ரா. இராகவையங்கார் 1946 வரையில் நம்மிடையே வாழ்ந்தார். அவர்கள் எழுதியதைப் படிக்கலாம். எப்படிச் சொன்னார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள், எந்தச் சொல்லை நீட்டினார்கள் என்பதை யாரிடம் கேட்பது? தூண்களைக் கேட்டோம். தூண்கள் மௌன விரதத்தில் இருந்தன.

“அந்தக் காலத்தில் யந்திரம் ஏது?” என்று நேயர்கள் கேட்கலாம். யந்திரம் இருந்தது என்பதுதான் வருத்தத்துக்குரிய விஷயம். எடிசன் 1877-லேயே குரலைப் பிடித்து வைக்கும் கருவியைச் செய்துவிட்டார். 1889-ல் ஆங்கிலக் கவி பிரௌனிங் அதன் முன் நின்று தம் கவிதையைச் சொல்லத் தொடங்கினார்; பாதியில் மறந்து போய்விட்டது! மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்தத் தடுமாற்றமும் மன்னிப்பும் இன்றைக்கும் காதில் விழுகின்றன. மறு ஆண்டு டெனிஸன் மெழுகு உருளையில் தம் கவிதையைப் படித்து வைத்தார். 1899-ல் வியன்னா நகரில் குரல்களுக்கென்றே ஒரு காப்பகம் பிறந்தது. 1902-ல் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவுக்கு வந்து இசைத்தட்டுப் பதிவு தொடங்கினர். பாரதியார் காலமானது 1921-ல். இடையே பத்தொன்பது ஆண்டுகள்! சங்கீத வித்துவான்களின் குரல் தட்டிலேறி வீடு வீடாகப் பாடிற்று. பாரதியார் பாடிய பாட்டை டி. கே. பட்டம்மாள் பாடக் கேட்டு நாம் உள்ளம் பூரித்தோம். ஆனால் அதைப் பாரதியாரே பாடிக் கேட்கும் பாக்கியம் நமக்கு இல்லை. அவருடைய குரல் எந்தத் தட்டிலும் இல்லை. யந்திரம் இருந்தது, அதை அவர் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணந்தான் ஒருவருக்கும் இல்லை.

இந்த எண்ணத்தோடு பாம்பனுக்கு ரயில் ஏறினோம். 1914-ல் திறந்த பழைய பாலம் ஓய்வு பெற்று, பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் வண்டி இப்போது போகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பி வழி விடும். பாம்பனில் இறங்கிக் குந்துகால் சென்றோம். 1897 ஜனவரி 26-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து தாய்நாட்டு மண்ணில் கால் வைத்த கரை இது. அமெரிக்கா செல்லுமாறு அவரை ஊக்கிய பாஸ்கர சேதுபதியே எதிர்கொண்டு வரவேற்றார். ஜனங்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்தபோது ராஜாவும் அவர்களோடு கை கொடுத்தார்.

ராமேசுவரம் கோயிலில் சுவாமிகள் பேசினார். ஏழையிடத்தும் நோயாளியிடத்தும் சிவனைக் கண்டு தொண்டு செய்வதே மெய்யான வழிபாடு என்பது அந்தப் பேச்சின் சாரம். இதை நாம் எப்படி அறிகிறோம்? குட்வின் என்ற ஓர் இளைஞர் காரணம். நியூயார்க்கில் சுருக்கெழுத்து வேலைக்கு அமர்த்தப்பட்ட இந்த ஆங்கிலேயர், சீடராகி, சுவாமிகளுடன் கடல் தாண்டி வந்தார். சுவாமிகள் பேசப் பேச அவருடைய பென்ஸில் ஓடிற்று. 1898-ல் தமது இருபத்தேழாம் வயதில் உதகமண்டலத்தில் அவர் இறந்து போனார். அந்தப் பென்ஸில் இல்லையென்றால் அன்றைய பேச்சில் பெரும்பகுதி கடற்காற்றோடு போயிருக்கும்.

ஆயினும் பென்ஸிலால் முடிந்தது சொற்களைக் காப்பாற்றுவது மட்டுமே. சுவாமிகள் ஆங்கிலத்தில் பேச, தமிழில் பெயர்த்துச் சொன்னார்கள். கூடியிருந்த ஜனங்களில் மிகப் பலர் புரிந்துகொண்டது அந்தத் தமிழைத்தான். நம் கைக்கு வந்திருப்பதோ ஆங்கிலம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் சுவாமிகள் பேசிய குரல் என்று ஓர் ஒலிப்பதிவு கையிலிருந்து கைக்குப் பரவி வருகிறது. 1893-ல் அந்தச் சபையில் யாரும் குரலைப் பதிவு செய்யவில்லை; பரவுவது பிற்காலத்தில் வேறொருவர் பேசியது. உண்மைக் குரலைக் காப்பாற்றாத வீட்டில் பொய்க் குரல் குடியேறிவிடுகிறது. கம்ப்யூட்டரைக் கொண்டு எவர் குரலையும் போலவே பேச வைக்கும் இந்நாளில் இந்த அபாயம் பன்மடங்கு பெருகியிருக்கிறது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் எடுத்தது என்ற குறிப்புடன் பத்திரமாக வைத்த பதிவு ஒன்றுதான் இதற்கு மாற்று.

அன்றிரவு ராமேசுவரத்துச் சத்திரத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் தம் கைபேசியை நடுவே வைத்தார். அதிலிருந்து அசோகமித்திரன் பேசலானார்! 2017-ல் காலமானவர். எழுத்தில் உரத்துப் பேசியறியாத அந்தக் கதாசிரியர், தாம் எழுதியதைத் தம் வாயாலேயே படிப்பதைக் கேட்டோம். அச்சில் பலமுறை படித்தவர்களுக்கும் அவருடைய வாசிப்பு புதிதாக ஒன்றைக் கற்பிக்கும். துக்கமான இடத்தில் துக்கத்தைக் கூட்டாமல் கடந்து போவது எப்படி என்பதே அது.

இந்தப் பதிவு இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டனில், காங்கிரஸ் நூல்நிலையத்தில். 1800-ல் தோன்றிய அந்நூல்நிலையம் தன் இருநூறாவது ஆண்டையொட்டி, புது தில்லியில் உள்ள தன் கிளை அலுவலகத்தின் வாயிலாகத் தென்னாசிய எழுத்தாளர்களை அழைத்து, தத்தம் நூல்களிலிருந்து படிக்கச் செய்து பதிவு செய்தது. தமிழில் அசோகமித்திரனோடு இந்திரா பார்த்தசாரதியும் சிவசங்கரியும் படித்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம். நன்றி சொல்ல வேண்டிய காரியந்தான். ஆனால் நம் வீட்டுப் பாட்டியின் கதையைப் பக்கத்து வீட்டார் எழுதி வைத்துத் தந்தால் நன்றியோடு சிறிது வெட்கமும் வருமல்லவா?

நம்மவர்களிலும் அப்படிப்பட்டவர் இல்லாமற் போகவில்லை. பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாளெல்லாம் நூல்களும் பத்திரிகைகளும் நோட்டீஸுகளும் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தார் துணையுடன் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. தனி மனிதர் ஒருவர் மனம் வைத்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு இது சாட்சி.

மறுநாள் விடியுமுன் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் ஊர் போயிற்று; நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் ரயிலும் போயிற்று. மாதா கோயிலின் சுவர் மணலில் நிற்கிறது. ஒரே இடத்தில் இருந்தது ஒரே இரவில் போகும் என்ற பாடத்தை இதைவிட நன்றாக எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்க முடியாது. எதிரே சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். அதற்கு வடக்கே யாழ்ப்பாணம். 1981-ல் அங்கே பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்தச் சாம்பலை மறவாத ஈழத்துத் தமிழர்கள் 2005-ல் ‘நூலகம்’ என்ற மின்னூல் நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று நூல்களோடு பெரியோர்களின் வாய்மொழி வரலாறுகளும் அதன் ஒலிக் காப்பில் சேர்ந்து வருகின்றன.

குரலுக்குப் புயலும் நெருப்பும் வேண்டியதில்லை. சும்மா விட்டாலே போதும். மெழுகு உருளையில் பூஞ்சணம் பூக்கிறது. பழைய ஒலிநாடாக்களில் ஒரு வகை, புளித்த காடி நாற்றம் வீசிச் சுருங்கிப் போகிறது. உலகத்து ஒலிபரப்பு நிலையங்களிலெல்லாம் நாடா விலை கருதிப் பழைய பேச்சை அழித்துப் புதிய பேச்சைப் பதிந்த காலமும் இருந்தது.

இந்தத் தீவு முழுதும் ஊமையாக இருக்கிறதென்று எண்ண வேண்டாம். இங்கே பிறந்து, ‘அக்கினிச் சிறகுகள்’ எழுதி, பேய்க்கரும்பில் துயில் கொண்டிருக்கும் அப்துல் கலாமின் குரல் நம் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். நாடே அவரைப் பதிவு செய்துகொண்டது. ஆனால் ஜனாதிபதியாகாத எழுத்தாளர்களுக்கும், புத்தகமே எழுதாத கதைசொல்லிகளுக்கும் யார் இருக்கிறார்கள்? கரை வலை இழுக்கும்போது பாடுகிறவர்களும், தனுஷ்கோடிப் புயலை நேரில் கண்டு பிழைத்தவர்களும் இக்கரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு நூல்நிலையந்தான். அதற்கு ஒரே ஒரு பிரதி.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்வது இது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் எடிசன் கனவிலும் காணாத யந்திரம் சட்டைப் பையில் கிடக்கிறது. உங்கள் ஊரில் ஒரு கவிஞரோ, வித்துவானோ, கதை சொல்லும் ஆத்தாளோ இருந்தால், அவர்களுடைய சம்மதம் பெற்று, அவர்கள் எதிரே அதை வையுங்கள். பெயர், ஊர், தேதி இவற்றை முதலில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தடுமாறினால் தடுமாற்றத்தையும் வெட்டாதீர்கள். பிரௌனிங் தடுமாறியதைத்தான் உலகம் இன்றும் ஆசையோடு கேட்கிறது. பிறகு மூன்று பிரதி எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்று பொது நூலகமாக இருக்கட்டும். பாரதியாரின் வாசலுக்கு நம் முன்னோர் யந்திரத்தைக் கொண்டு போகவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், நம் தெருவிலுள்ள வாசலுக்காவது போய்ச் சேர்வோம்.