அணைந்த அடுப்பின் சூடு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். குமாஸ்தா உத்தியோகத்தில் அந்தப் பிரெஞ்சுக்கு வேலையே இருக்கவில்லை. ஓய்வு பெற்று, பழவேற்காட்டில் மகள் வீட்டோடு வந்த பிறகுதான் ஒருநாள் அது கைகொடுத்தது. மொரீஷியஸ் தீவில் 'பிரா தோ' என்றொரு இடம். 'நீரின் கை' என்று பொருள். நம் ஊரில் கழி என்போமே, அதுபோலத்தான்.

அங்கே ஒரு ரேடியோ தொலைநோக்கி. பெங்களூருவின் ராமன் ஆய்வு நிறுவனமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமைத்தது. 1992 முதல் இயங்கியது. கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டருக்கு 1,024 சுருள் ஏரியல்கள். தெற்கே 880 மீட்டர் தண்டவாளம். அதில் தள்ளுவண்டிகளிலும் ஏரியல்கள். ஓரிடத்தில் வானத்தைப் பதிவு செய்து, வண்டிகளை நகர்த்தி, மறுபடி பதிவு செய்வார்கள். நம் மீனவர்களின் பாடு முறை போல, இன்று ஓர் இடம், நாளை வேறிடம். எல்லாவற்றையும் கூட்டித்தான் தென்வானத்தின் படம் கிடைக்கும்.

அவர்கள் தேர்ந்தெடுத்த அலைவரிசை 151.5 மெகாஹெர்ட்ஸ். ரேடியோவில் இது தாழ்ந்த வரிசை. ஏன் தாழ்ந்தது?

சில விண்மீன் திரள்களின் நடுவில் உள்ள பெருங்கருந்துளை இரு பக்கமும் எலக்ட்ரான்களைப் பீய்ச்சுகிறது. அவை வெளியே இரண்டு பெரிய மேகங்களாகப் பரவி, காந்தப் புலத்தில் சுழன்று ரேடியோ அலை வீசும். இவையே ரேடியோ கேலக்ஸிகள். பீய்ச்சுவது நின்றுவிட்டால், வேகம் மிகுந்த எலக்ட்ரான்கள் முதலில் சக்தி இழக்கும். உயர்ந்த அலைவரிசையில் மேகம் மங்கிவிடும். தாழ்ந்த வரிசையில் மட்டும் நெடுங்காலம் தெரியும்.

இதைப் படித்தபோது என் காது டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வயதானால் கீச்சென்ற ஒலிதான் முதலில் போகுமாம். உண்மைதான். பேத்தி கூப்பிடுவது விழுவதில்லை. முகத்துவாரத்தில் படகு மோட்டார் போவது நன்றாகவே கேட்கிறது. எனக்குக் காது போய்விட்டது என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். போனது பாதிதான்.

தென்வானத்தில் 'ஃபோர்னாக்ஸ் ஏ' என்றொரு ரேடியோ கேலக்ஸி உண்டு. ஏறக்குறைய 6 கோடி ஒளியாண்டு தூரம். ஃபோர்னாக்ஸ் என்றால் லத்தீனில் உலை, அடுப்பு. அதன் மையம் இன்று மிகவும் மங்கல். இருபுற மேகங்களோ வானத்திலேயே பிரகாசமான ரேடியோ ஊற்றுகளில் ஒன்று. மார்கழி இரவு பத்து மணிக்கு நம் கரையில் நின்று தெற்கே பாருங்கள், அந்தத் திசையில்தான் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பு அணைந்து வெகுகாலம் ஆகியிருக்கலாம். சூடு இன்னும் ஆறவில்லை.