விற்ற காருக்கு வந்த ஓலை

நாங்கள் காரை விற்று மூன்று வருஷமாகிறது. இரண்டு பேருக்கும் முட்டி வலி, மகன் பெங்களூரில், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோ போதும் என்று முடிவெடுத்து, திருச்சியிலேயே ஒரு கார் கன்சல்டிங்கில் விட்டு விற்றோம். போன வருஷம் ஆடி மாதம், அந்தக் காரின் பேரில் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வண்டியின் பெட்ரோல் பம்பில் குறை இருக்கலாம், பக்கத்திலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"நமக்கென்ன? ஆர்.சி. பேர் மாத்தியாச்சு, இன்ஷூரன்ஸ் மாத்தியாச்சு. அழிச்சுட்டு வேலையைப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். ஃபார்ம் 29, 30 எல்லாம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பேர் மாறியதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஃபைலை மூடினோம்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு உறுத்தல். இந்தச் செய்தி எனக்கு வந்திருக்கிறது என்றால், இப்போது அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு வந்திருக்குமா?

யோசித்தால் வர வழியே இல்லை. கார் கம்பெனியின் கணக்கில் இருப்பது, ஷோரூமில் புது வண்டி வாங்கியவரின் பெயரும் நம்பரும். ஆர்.டி.ஓ. புத்தகத்தில் பேர் மாறினாலும், அது தானாகக் கம்பெனியின் நோட்டில் ஏறிவிடுவதில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் செலவைப் பார்த்து வெளி மெக்கானிக்கிடம்தான் விடுவார்கள். அதனால் அந்த வழியிலும் அவர்கள் நம்பர் போய்ச் சேராது. கார் இல்லாத என்னிடம் ஓலை இருக்கிறது, கார் வைத்திருப்பவரிடம் ஒன்றும் இல்லை.

இப்படிக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவதற்கு 'ரீகால்' என்று பெயர். இது ஒன்றும் அபூர்வம் இல்லை. 2020 ஜூலையில் மாருதி சுசூகி, வேகன்ஆரும் பலேனோவுமாக 1,34,885 வண்டிகளை இதே பெட்ரோல் பம்புக்காகக் கூப்பிட்டது. ஹோண்டா 2020-ல் 65,651 கார்களையும், அடுத்த வருஷம் 77,954 கார்களையும் கூப்பிட்டது. இங்குள்ள கம்பெனிகள் 2012-ல் இருந்து தாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்து இதைச் செய்துவந்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, குறையுள்ள வண்டிகளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கும் வந்தது. கூப்பிடுகிற கம்பெனியை நம் ஆட்கள் ஏதோ குற்றவாளி மாதிரிப் பார்க்கிறோம். கூப்பிடாமல் இருக்கிறவனைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

முதலில் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "புது ஓனர் நம்பர் இருந்தா கொடுங்க மேடம், அப்டேட் பண்ணிக்கறோம்" என்றாள். அது இருந்தால் நான் ஏம்மா உனக்குப் போன் பண்ணுகிறேன்!

கன்சல்டிங்காரரைத் தேடிப் போனேன். மூன்று வருஷம் கழித்து ஏதோ பாக்கி கேட்க வந்திருக்கிறேன் என்று அவர் முகம் ஒரு தினுசாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தணித்து, "டீச்சர், இதை வெளியில பேசாதீங்க. அந்த மாடல் ரெண்டு நிக்குது நம்மகிட்ட, விலை இறங்கிடும்" என்றார். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளிடமா? "அப்ப அந்த ரெண்டுக்கும் சேர்த்துப் பாருங்க" என்றேன். பேசாமல் போனை எடுத்து, வாங்கியவரைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

வாங்கியவர் மணப்பாறைக்காரர். சின்னதாக முறுக்கு வியாபாரம். நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், "எந்த பேங்க்லேர்ந்து பேசறீங்க? ஓ.டி.பி. எல்லாம் சொல்ல முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, காலம் அப்படி. நான் யார் என்று எப்படி நிரூபிப்பது? பின்சீட்டில் இடது பக்கம் என் பேரன் கொட்டிய நீல மைக்கறை இருக்குமே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது உங்க வீட்டுப் புள்ளை வேலைதானா? எங்கம்மா ஷாம்பு போட்டுத் தேய்ச்சும் போகலைங்க" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை அம்மாவை டயாலிசிஸுக்கு அந்தக் காரில்தான் திருச்சிக்குக் கூட்டிவருகிறார். வண்டி சில நாள் காலையில் கிளம்ப முரண்டு பிடிக்கும். இரண்டு தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றிருக்கிறது. அதில் ஒன்று திண்டுக்கல் ரோட்டில், ஒரு லாரியை ஏறிப்போகும் நேரத்தில். அம்மா பின்சீட்டில் படுத்திருந்தாராம். ஓரமாக உருட்டிக்கொண்டுபோய், பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிவிட்டதாம். மெக்கானிக் முதலில் பிளக் மாற்றினார், அடுத்து பேட்டரி, கடைசியில் பெட்ரோலில் கலப்படம் என்று பங்க் மேல் பழியைப் போட்டார். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது.

பெட்ரோல் பம்ப் என்றாலே தீப்பிடிக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பெட்ரோல் ஒழுகும் குறை தனி. 2010-ல் ஏ-ஸ்டார் கார்கள் ஒரு லட்சத்தைக் கூப்பிட்டது அதற்காகத்தான். இந்தப் பம்ப் விவகாரம் வேறு மாதிரி. பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்குள் பிளாஸ்டிக்கில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிச் சுற்றி பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும். ஹோண்டா கூப்பிட்டதெல்லாம் இந்தச் சக்கரத்துக்காகத்தான். அது சரியாக அமையாவிட்டால் நாளாவட்டத்தில் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, சுற்றுச்சுவரில் உரசும். உரசல் முற்றினால் சுற்றாது. பெட்ரோல் போகாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். அணைந்த வண்டியில் பிரேக் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கலாம். தெருவுக்குள் என்றால் தள்ளிக்கொண்டு போகலாம். நாலுவழிச் சாலையில் பின்னால் வருகிறவனுக்கு அது தெரியாதே.

ஒரே மாடலில் எல்லா வண்டிக்கும் குறை இருக்காது. குறிப்பிட்ட மாதங்களில் செய்ததற்குத்தான் இருக்கும். நம் வண்டி அதில் இருக்கிறதா என்று கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். ஆர்.சி. புக்கில் இருக்கிற 17 எழுத்து அது. மணப்பாறைக்காரர் மூன்று தடவை போட்டும் 'தவறான எண்' என்றே வந்தது. வட்டமாகத் தெரிந்ததை 'ஓ' என்று அடித்திருக்கிறார். சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வராது, அது பூஜ்யம் என்று மகனிடம் கேட்டுச் சொன்னேன். நாலாவது தடவை வந்துவிட்டது. வண்டி பட்டியலில் இருந்தது.

அத்தோடு முடிந்ததா? பம்ப் கையிருப்பில் இல்லை, பன்னிரண்டு நாள் ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் அம்மாவை அந்தக் காரில் ஏற்றாதே என்று சொல்வது எனக்குச் சுலபம். "வாரத்துல ரெண்டு நாள் டாக்ஸிக்கு எங்க போறது டீச்சர்?" என்றார் அவர். நானே சர்வீஸ் மேனேஜருக்குப் போன் போட்டு, ஓடும்போதே நின்ற வண்டி இது, பின்சீட்டில் நோயாளி போகிறார் என்று சொன்னேன். வேறு ஊரிலிருந்து ஒரு பம்பை வரவழைத்து ஐந்தாம் நாளே தேதி கொடுத்தார். நடுவில் வந்த ஒரு டயாலிசிஸுக்கு மச்சானின் வேனில் போயிருக்கிறார்கள்.

வேலை அன்று நானும் போய் நின்றேன், சும்மா வேடிக்கை பார்க்கத்தான். பின்சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த மூடியைக் கழற்றினார்கள். இடமெல்லாம் ஒரே பெட்ரோல் வாடை. காலையில் விட்ட வண்டி மதியத்துக்கு முன்னால் தயார். "வந்ததே வந்தீங்க, வீல் அலைன்மென்ட், ஏ.சி. கிளீனிங்…" என்று ஆரம்பித்தார்கள். ரீகாலுக்கு மட்டும் ஜாப் கார்டு போடுங்கள் என்று சொல்லிவிட்டோம். பில்லில் தொகை பூஜ்யம். வெளி மெக்கானிக்கிடம் போன ஏழாயிரத்தைப் பற்றி அவர் கேட்டுப் பார்த்தார். எங்களிடம் செய்த வேலை இல்லையே என்று கைவிரித்தார்கள். அந்தப் பணம் போனதுதான். கிளம்பும் முன்னால் கம்பெனியின் கணக்கில் என் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைப் போடச் சொல்லி, திரையில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் குடியிருப்பில் யார் யார் பழைய கார் வாங்கியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தேன். ஐந்து வீடு. ஆர்.சி. புக்கைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எல்லா நம்பரையும் போட்டுப் பார்த்தோம். நாலு வண்டிக்கு ஒன்றுமில்லை. கீழ்வீட்டு நர்ஸ் பெண்ணின் காருக்கு ஏர்பேக் மாற்ற வேண்டியிருக்கிறதாம். வருகிற புதன்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அன்றைக்குப் பகல் டியூட்டி. வண்டியைக் கொண்டுபோய் விடுவதாக என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.